துருவலை திரும்பி வந்த வருசம்

கொட்டகலை, தை 2026

அன்பான எல்லாருக்கும் வணக்கம்.

2024 நவம்பரில் எனக்கு அறுபது முடிந்து, பள்ளிக்கூடத்தில் மாலை போட்டு அனுப்பி வைத்தார்கள். எங்கள் வீட்டுக்காரருக்கு அதற்கு முந்திய வருசமே ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், டீமேக்கர் வேலை முடிந்திருந்தது. "இனி என்ன டீச்சர், காலை நீட்டிக்கொண்டு இருக்க வேண்டியதுதானே" என்று பஸ் ஹோல்டில் சொல்லாத ஆள் இல்லை. 2025 போயே போய்விட்டது. நான் காலை நீட்டியது கோச்சியில், அதாவது ரயிலில், இரண்டு தரம், ஆஸ்பத்திரி வாங்கில் ஒரு தரம்.

இந்த மடலில் யார் பெயரையும் போடவில்லை. போட்டால் விட்டுப்போனவர்கள் கோபிப்பார்கள், போட்டவர்களில் பாதிப்பேர் வெட்கப்படுவார்கள். எது யாருக்கு என்று அவரவருக்குத் தெரியும்.

முதலில் அக்கா கதை. 1974இல் எனக்குப் பத்து வயது. தோட்டத்துத் தமிழரில் யார் இந்தியாவுக்கு, யார் இலங்கைக்கு என்று பிரித்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 1964இலேயே எழுதியாகிவிட்டது, ஆனால் எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளுக்கு அது வந்து சேர்ந்தது அந்த வருசம்தான். அத்தான் வீட்டார் இந்தியப் பாஸ்போட்டுக்கு எழுதியிருந்தார்கள். எங்கள் அப்பா இலங்கைப் பிரசாவுரிமைக்கு எழுதியிருந்தார். ஹட்டன் ஸ்டேசனில் அக்கா கோச்சி ஏறும்போது, வீட்டில் இருந்த ஒரே துருவலையைப் பழைய சேலையில் சுற்றி அம்மா அவள் கையில் கொடுத்துவிட்டார். போன இடத்தில் எதில் தேங்காய் துருவுவாள் என்ற கவலை. தலைமன்னாரிலிருந்து இராமானுஜம் கப்பலில் அக்காவோடு துருவலையும் போனது. அதன் பிறகு ஆறு மாதம் பக்கத்துக் காம்பராவில் இரவல்தான். உண்மையைச் சொன்னால் அக்கா போனதற்கு அழுததைவிட அந்த இரவலுக்குத்தான் நான் அதிகம் அழுதேன். ஒவ்வொரு நாளும் போய்க் கேட்டு வாங்கி வருகிறவள் நான்தானே.

1983க்குப் பிறகு கடிதம் நின்றுவிட்டது. நாங்களும் தோட்டம் மாறினோம்.

என்னிடம் ஐந்தாம் வகுப்பில் படித்த தம்பி ஒருவர் இப்போது சென்னையில் இருக்கிறார். பழைய கடித உறையில் அழியாமல் கிடந்த "டேன்டீ, பந்தலூர்" என்ற இரண்டே சொல்லை வைத்துக்கொண்டு தேடத் தொடங்கினார். டேன்டீ என்பது இங்கிருந்து போனவர்களுக்கு வேலை கொடுக்கவென்று தமிழ்நாட்டு அரசு 1968இல் நீலகிரிப் பக்கம் தொடங்கிய தேயிலைத் தோட்டம். தேயிலையை விட்டுப் போனவர்களுக்குப் போன இடத்திலும் தேயிலை! பதினோராம் நாள் என் வட்ஸ்அப்புக்கு ஒரு குரல் வந்தது. "பாப்பா, தொருவல இன்னும் இருக்குடி." தம்பி, அன்றைக்கு உங்களுக்குப் பதில் எழுத எனக்குக் கை வரவில்லை. இதுதான் பதில்.

ஹட்டன் டவுனில் கொமியுனிகேசன் கடை வைத்திருக்கும் மகனுக்கும் கடன்பட்டிருக்கிறோம். விசாப் பாரத்தில் அப்பா பெயரைக் கேட்கிறது. அப்பாவின் பெயரோ என் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு விதம், அவருடைய அடையாள அட்டையில் ஒரு விதம், சேமலாப நிதிப் புத்தகத்தில் இன்னொரு விதம். தோட்டத்தில் பிறந்த யாருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. நான்கு தரம் நிரப்பி நான்கு தரம் அழித்தும் அந்தப் பிள்ளை முகம் சுளிக்கவில்லை. காசும் ஒரு தரத்துக்கு மட்டும்தான் எடுத்தார்.

மார்ச்சில் போனோம். சென்னையிலிருந்து ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸ், மேட்டுப்பாளையத்தில் இறங்கி ஊட்டி, கூடலூர் என்று பஸ் மாறி மாறி. அக்கா வாசலில் நின்றார். 72 வயது, முதுகு வளைந்துவிட்டது, ஆனால் கொழுந்து கிள்ளுகிற மாதிரி விரல் மட்டும் சும்மா இருக்கவில்லை. அக்காவின் பேரப்பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு. அம்மாயி ஒருத்திதான் "பேணி", "தேத்தண்ணி", "கோச்சி" என்று பேசுகிறாள் என்று நினைத்திருந்தார்களாம், அதே மாதிரி பேச இன்னும் இரண்டு பேர் வந்து இறங்கியிருக்கிறோம். அவர்களை அங்கே சிலோன்காரர் என்கிறார்கள். எங்களை இங்கே இந்தியாக்காரர் என்றார்கள். அதை அக்காவும் நானும் ராத்திரி முழுக்கப் பேசித் தீர்த்துவிட்டோம்.

எங்கள் வீட்டுக்காரர் பற்றி ஒரு வார்த்தை. போன மறுநிமிடமே தேயிலை டின்னைத் திறந்து ஒரு சிட்டிகை எடுத்து, கைக்குள் பொத்தி மூச்சு விட்டு மோந்து பார்த்தார். "இலையை முறுக்காமல் நறுக்கிவிட்டிருக்கிறார்கள், சீடீசீ" என்றார். சம்பந்தி வீட்டார் முன்னால் எனக்கு மானம் போனது. மூன்றாம் நாள்தான், பால் ஊற்றிக் குடிக்க இதுவே சரி என்று இறங்கி வந்தார்.

புறப்படும் நாள் அக்கா துருவலையை எங்கள் பெட்டிக்குள் வைத்துவிட்டார். பல் தேய்ந்து மழுங்கி, பலகையில் உட்கார்ந்த தடம் குழியாக இருக்கிறது. சென்னை விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். நான் சொல்லத் தொடங்கி அழுதுவிட்டேன். அங்கே நின்ற பெண் முழுதும் கேட்டுவிட்டு, பத்திரிகைத் தாளை நாலாக மடித்து அந்தப் பல்லில் சுற்றி, தானே பெட்டியை மூடித் தந்தார். மகளே, பெயர் கேட்க மறந்துவிட்டேன்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜூலையில் வெள்ளவத்தையில் மகளுக்குப் பிள்ளை பிறந்தது. இரண்டு மாடி கீழே இருந்த சிங்கள அக்கா 31ஆம் நாள் வரை தினமும் கொத்தமல்லி அவித்துத் தந்தார். என் சிங்களத்தைக் கேட்டுச் சிரிக்காத ஒரே ஆளும் அவர்தான். புது டீமேக்கருக்கு ஒப்பரேசன் என்று எங்கள் வீட்டுக்காரரை நான்கு மாதம் ஸ்டோருக்குத் திரும்பக் கூப்பிட்டார்கள். ராத்திரி வேலை முடிய மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து வாசலில் விட்டுப்போன பொடியன்களுக்கு என் நன்றி. கோயில் மண்டபத்தில் புலமைப்பரிசில் வகுப்புக்கு ஒன்பது பிள்ளைகள் வந்தார்கள், மூவர் வெட்டுப்புள்ளியைத் தாண்டினார்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு இப்படியொரு பரீட்சை எதற்கு என்று முப்பது வருசமாகக் கேட்கிறேன். கேட்டுக்கொண்டே படிப்பிக்கிறேன். மண்டபத்துச் சாவியைத் தந்த தலைவருக்கும், மின்கட்டணத்தைக் கணக்குப் பார்க்காத பொருளாளருக்கும் நன்றி.

பிறகு நவம்பர் கடைசியில் டித்வா புயல். கரண்டு இல்லை, போன் இல்லை, கோச்சிப் பாதை பல இடங்களில் அறுந்து கிடந்தது. மேல் லயத்துக்குப் பின்னால் மண் இறங்கத் தொடங்கிய ராத்திரி, ஏழு குடும்பம் எங்கள் வீட்டுக்கு வந்தது. இரண்டு அறை வீடு. கட்டிலுக்குக் கீழும் பிள்ளைகள் படுத்தார்கள். மறுநாள் விடிய, டவுனில் பேக்கரி வைத்திருக்கும் முஸ்லிம் நானா மழையிலேயே ஒரு பை பாண் கொண்டுவந்தார். காசை நீட்டியதற்கு ஏசினார். பாணுக்குச் சம்பல் வேண்டுமே. இரண்டு நாள் துருவலை ஓயவில்லை, பல் மழுங்கியிருந்தும் பெண்கள் முறை வைத்துத் துருவினார்கள். வகுப்புப் பிள்ளைகள் மிளகாய் இடித்தார்கள். அக்காவுக்குப் போன் வேலை செய்த அன்று முதலில் சொன்னது இதைத்தான்.

கடைசியாக, மூன்றாம் நாள் டிராக்டரில் வந்து கூரை பறந்த பக்கத்தை மூடிக் கட்டித் தந்த நான்கு பேருக்கு. இரண்டு பேர் சிங்களம் பேசினீர்கள், இரண்டு பேர் தமிழ், எந்த ஊரென்று சொல்லவில்லை. தேத்தண்ணி ஊற்றி வருவதற்குள் போய்விட்டீர்கள். கூரைக்குத் தகரம் போட்டாயிற்று. உங்கள் நீலத் தார்ப்பாயைக் கழுவிக் காயவைத்து மடித்து வைத்திருக்கிறோம். இன்னொரு வீட்டுக்குத் தேவைப்படும், வந்து எடுத்துப் போங்கள். கோயிலுக்குக் கீழே இரண்டாவது வீடு.

இப்படிக்கு,
டீச்சரும் டீமேக்கரும்