அந்தச் சிவப்புக் குச்சிகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த காசநோய்க் கட்டுரையில், இருமல் நின்றாலும் ஆறு மாதம் மாத்திரையை விடக்கூடாது என்று எழுதியிருந்தீர்கள். ரொம்பச் சரி. ஆனால் ஏன் என்று சொல்லவில்லை. கூடவே போட்ட படத்தில் எல்லாக் கிருமியும் அச்சில் வார்த்த மாதிரி ஒரே அளவு.

சளி ஸ்லைடு பார்ப்பதே வேலையாக இருந்தவன் நான். கார்பால் ஃபுக்சின் என்ற சிவப்புச் சாயத்தை ஊற்றிச் சூடு காட்டி, அமிலத்தில் கழுவி, மெத்திலீன் புளூ என்ற நீலச் சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பின் எண்ணெய் லென்ஸில் பார்த்தால் நீலத்துக்கு நடுவே காசநோய்க் கிருமி சிவப்பாகத் தெரியும். அதன் மேலுறையின் கொழுப்பு அந்தச் சிவப்புச் சாயத்தை விடாது. ஆனால் ஒன்று நேராக இருக்கும், பக்கத்திலேயே ஒன்று வளைந்திருக்கும். ஒன்றில் சாயம் முழுக்க ஏறியிருக்கும், இன்னொன்றில் விட்டுவிட்டுப் புள்ளி புள்ளியாக இருக்கும். சில ஜோடியாக ஒட்டி ‘வி’ எழுத்துப் போல நிற்கும்.

பெருகுவதிலும் இதே கதைதான். குடலில் வாழும் ஈ.கோலை கிருமி நல்ல சூழலில் 20 நிமிடத்தில் இரண்டாகிவிடும். காசநோய்க் கிருமிக்கு 15 முதல் 20 மணி நேரம் வேண்டும். கிருமி வளர்க்கும் முட்டை கலந்த ஊடகத்தில் வைத்தால், சொரசொரப்பான வெளிர் மஞ்சள் திட்டு கண்ணில் படவே வாரக்கணக்காகும். அதுவும் உடல் முழுக்க நீளாமல் முனைகளில்தான் வளரும். பழைய முனை முந்திக்கொள்ளும். அதனால் பிரிந்து வரும் இரண்டும் சமமாக இருப்பதில்லை. இதற்கு நெருங்கிய உறவான, ஆய்வகங்களில் வளர்க்கும் ஸ்மெக்மாட்டிஸ் கிருமியை வைத்து 2012-இல் வெளியான ஆய்வில், அப்படிப் பிரிந்தவை மருந்துக்குத் தாக்குப்பிடிப்பதிலும் வேறுபட்டன.

வேகமாகப் பெருகுபவை முதலில் சாகும், நோயாளிக்கு இருமல் குறையும். சோம்பிக் கிடப்பவை அப்புறமும் இருக்கும். அவற்றுக்காகத்தான் மீதி மாதங்கள். சளியில் ‘நெகட்டிவ்’ என்று வந்துவிட்டதே என்று நிறுத்துகிறவர்களும் உண்டு. ஒரு மில்லி சளியில் ஐயாயிரம், பத்தாயிரம் கிருமியாவது இருந்தால்தான் மைக்ராஸ்கோப்பில் சிக்கும் என்பதை அவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

அடுத்த முறை வரைந்த படத்துக்குப் பதில் நிஜ ஸ்லைடின் புகைப்படத்தைப் போடுங்கள். அதன் கீழே இந்தக் காரணத்தையும் இரண்டு வரி சேர்த்துவிடுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன்,
மதுரை