இரண்டு மரத்துக்கு நடுவே ஒரு படுக்கை

ஸ்கார்பரோ, டொராண்டோ
ஜூன் 14

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நலம். மாமாவும் சின்னவளும் எப்படி இருக்கிறார்கள்? பெரியவன் ஆகஸ்ட் கடைசியில் படிக்க வருவதற்குள் உன் தையல் மெஷினில் ஒரு வேலை ஆக வேண்டும்: காட்டில் இரண்டு மரத்துக்கு நடுவே கட்டிப் படுக்க அவனுக்கு ஒரு தொங்குபடுக்கை. போனில் சொன்னால் அளவுகள் மறந்துபோகும் என்றுதான் எழுதுகிறேன்.

இந்த ஊரில் வெயில்காலம் கொஞ்ச நாள்தான். அதனால் மே மாத விக்டோரியா தின விடுமுறை தொடங்கி அக்டோபர் தாங்க்ஸ்கிவிங் வரை, வாரக் கடைசி வந்தால் ஊரே காட்டுப் பக்கம் கிளம்பிவிடும். வடக்கே மூன்று மணி நேரம் காரில் போனால் அல்கான்குவின் பூங்கா. 1893-இலேயே ஒதுக்கிய காடு அது, 7,600 சதுர கிலோமீட்டருக்கு மேல். ஏரிகளும் மேப்பிள் மரங்களும் பைன் மரங்களும் கண்ணுக்கெட்டிய வரை. ராத்திரி ஏரியில் லூன் என்ற பறவை கூவுவதை அவன் ஒரு தடவையாவது கேட்க வேண்டும். நாலு மாணவர்கள் சேர்ந்து காரையும் தங்குமிடக் கட்டணத்தையும் பங்கிட்டுக்கொண்டால் செலவு தாங்கும்.

அங்கே பல இடங்களில் தரை என்பது பாறையும் வேரும்தான். கூடாரம் அடித்தால் முதுகுக்கு அடியில் எப்போதும் ஏதாவது ஒன்று குத்தும். ஹேமக் என்கிற தொங்குபடுக்கைக்குச் சமதரையே வேண்டாம், இரண்டு மரம் போதும். நம் தூளி மாதிரிதான். தூளியில் இரண்டு முனையும் ஒரே உத்தரத்தில் சேரும், இதில் இரண்டு மரத்துக்குப் பிரிந்து போகும்.

கடையில் 30, 40 டாலருக்கு ஹேமக் கிடைக்கும். அவற்றில் பல 9 அடி நீளம்தான். அதில் படுத்தால் உடம்பு வாழைப்பழம் போல் வளைந்து, விடியும்போது முழங்கால் பின்பக்கமாக வலிக்கும். ராத்திரி முழுக்கத் தூங்குவதற்கு 11 அடி நீளம், 58 முதல் 60 அங்குல அகலம் வேண்டும். நீ தைத்தால் இந்த அளவு சுலபம்.

துணி: நெசவிலேயே கட்டம் விழுந்த ‘ரிப்ஸ்டாப்’ நைலான் பாராசூட் துணி, சதுர மீட்டருக்கு 55 முதல் 65 கிராம் எடை உள்ளது. 60 அங்குலப் பன்னாவில் நாலு கஜம் வாங்கு. ஒரு விஷயம் கட்டாயம் பார். துணியை வாயில் வைத்து ஊதினால் காற்று கொஞ்சமாவது மறுபக்கம் போக வேண்டும். போகாவிட்டால் அது குடைக்கு ஆகிற மாதிரி பூச்சுப் பூசிய துணி. படுத்தவன் வியர்வையிலேயே நனைந்துவிடுவான்.

11ஆம் நம்பர் ஊசி, பாலியஸ்டர் நூல், தையல் நீளம் 3 மில்லிமீட்டர். பருத்தி நூல் ஈரத்தில் இற்றுப்போகும், வேண்டாம். தையலை நெருக்கிப் போட்டால் பலம் என்று தோன்றும். இந்தத் துணியில் அது ஊசித் துளைகளை வரிசையாக அடுக்கிக் கிழிசலுக்கு வழி செய்யும். குண்டூசியும் குத்தாதே. நீளவாட்டு ஓரங்களை அரை அங்குலம் இரட்டையாக மடித்து ஒரு தையல். அகலவாட்டு முனை இரண்டிலும், உள்பாவாடைக்கு நாடா நுழைக்கிற மாதிரி ஒன்றரை அங்குல மடிப்பு. அதற்கு மூன்று வரிசைத் தையல். பாரம் முழுக்க அங்கேதான் விழும். வெட்டிய விளிம்பை மெழுகுவத்திச் சுடரில் லேசாகக் காட்டினால் இழை பிரியாது. மொத்தம் 350 கிராம்கூட வராது, அவன் பெட்டியில் ஒரு மூலைக்குப் போதும்.

மற்றதெல்லாம் இங்கே வாங்கிக்கொள்ளலாம். மலையேறுகிறவர்களுக்கான கடையில் 6 மி.மீ. கயிறு, முனைக்கு ஒன்றே கால் மீட்டர். அதை மடிப்புக்குள் நுழைத்து, இரண்டு நுனியையும் இரட்டை மீனவ முடிச்சால் கட்டி வளையமாக்கி, வளையத்தை அதற்குள்ளேயே விட்டு இழுத்தால் துணி கொசுவம் போலக் கூடிவிடும். மரத்தைச் சுற்ற ஒரு அங்குல அகலப் பாலியஸ்டர் நாடா, பக்கத்துக்கு 12 அடி. வண்டியில் சாமான் கட்டும் நாடாவை வாங்கிக் கொக்கியை வெட்டி எறிந்தாலும் ஆகும். கயிற்றை நேராக மரத்தில் கட்டவே கூடாது: அது பட்டையை அறுத்து, அதற்கு அடியில் இருக்கும் உயிருள்ள அடுக்கை நசுக்கும். பூங்காவில் மரத்துக்குச் சேதம் செய்தால் அபராதம் வேறு. நைலான் நாடாவும் வேண்டாம். பாரத்தில் நீண்டு, பாதி ராத்திரியில் முதுகு தரையைத் தொடும்.

நாடாவின் ஒரு முனையில் முடிச்சுப் போட்டுக் கண்ணி செய்து, மறுமுனையை மரத்தைச் சுற்றி அதன் வழியாக இழுக்க வேண்டும். முடிச்சு விழுந்த இடத்தில் பலம் ஏறக்குறையப் பாதியாகும். அதனால் 600 கிலோவுக்குக் குறையாமல் அறுபடு பலம் எழுதியிருக்கும் நாடாதான் வேண்டும். சாவிக்கொத்துக்கு மாட்டும் அலுமினியக் கொக்கிகளை இடையில் போடவே வேண்டாம், அவை பட்டென்று விட்டுவிடும். கயிற்று வளையத்தில் நாடாவைக் கட்ட எந்த உலோகமும் தேவையில்லை. மாமா தறியில் அறுந்த இழையை முடிகிறாரே, அந்த நெசவாளர் முடிச்சு போதும். இங்கே அதை பெக்கெட் ஹிட்ச் என்கிறார்கள், வடிவம் அதேதான். கடைசிச் சுற்றில் நுனியை முழுக்க இழுக்காமல் மடிப்பாக விட்டால், காலையில் ஒரே இழுப்பில் அவிழும். பெரியவனை மாமாவிடம் உட்கார்ந்து பழகச் சொல். இருட்டில், குளிரில் விரைத்த விரலோடு போட வேண்டிய முடிச்சு அது.

இனி கட்டும் விதம். புதிதாகக் கட்டுகிற எல்லாரும் செய்கிற தப்பு, கட்டில் போல நேராக இருக்கட்டும் என்று இழுத்துக் கட்டுவது. நாடா தரைமட்டத்துக்கு 30 டிகிரி சாய்வில் இருந்தால், 70 கிலோ ஆள் படுக்கும்போது ஒவ்வொரு பக்கமும் 70 கிலோ இழுவை. சாய்வு 10 டிகிரி ஆனால் 200 கிலோ. 5 டிகிரி என்றால் 400. துணி கிழிவதும் முடிச்சு இறுகிப்போவதும் அப்போதுதான். படுக்கவும் அது சுகமில்லை. தோளை இரண்டு பக்கத்துத் துணியும் நெருக்கும், புரண்டால் கவிழ்க்கும். தளர்வாகத் தொங்கவிட்டு, நடுக்கோட்டிலிருந்து 15, 20 டிகிரி குறுக்காகப் படுத்தால்தான் முதுகு ஏறக்குறைய நேராகும்.

ஒவ்வொரு தடவையும் அதே தொய்வு கிடைக்க ஒரு வழி இருக்கிறது. இரண்டு முனை வளையத்துக்கும் இடையே, நீளாத மெல்லிய கயிறு ஒன்றை 2.78 மீட்டர் அளவில் நிரந்தரமாகக் கட்டிவிடுவது. ஹேமக்கின் நீளத்தில் 83 சதவீதம் அது. ஆள் படுத்த பிறகு அந்தக் கயிறு விரலுக்குக் கொஞ்சம் வளைய வேண்டும். வீணைத் தந்தி போல நின்றால் நாடாவைத் தளர்த்தச் சொல்.

மரம் இரண்டும் நாலரை முதல் ஐந்து மீட்டர் இடைவெளியில், அடிமரம் குறைந்தது ஒரு சாண் பருமனில், உயிருள்ளதாக இருக்க வேண்டும். நாடாவை ஆறடி உயரத்தில் கட்டினால், உட்காரும்போது நாற்காலி உயரம், ஒன்றரை அடி வரும். முதல் தடவை மெதுவாக உட்கார்ந்து பார்த்த பிறகுதான் காலைத் தூக்க வேண்டும். கட்டுவதற்கு முன் அண்ணாந்து பார்க்க அவனுக்குச் சொல்லிச் சொல்லிப் பழக்கு. ஒன்டாரியோவில் 2002-இல் முதன்முதலாகக் கண்டுபிடித்த மரகதப் பச்சை வண்டு ஒன்று, ஆஷ் மரங்களை நின்ற நிலையிலேயே கொன்றுகொண்டிருக்கிறது. பட்டை உரிந்து, உள்ளே வளைந்து வளைந்து பொந்துக்கோடு தெரிந்தால் அந்த மரத்துக்குக் கீழே படுக்கவே கூடாது. காற்றே இல்லாமலும் கிளை விழும்.

குளிரைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். அவன் முதலில் போவது செப்டம்பரில். கொசு குறைந்திருக்கும், கடிக்கிற கருப்பு ஈயும் மே, ஜூனோடு போயிருக்கும். அதனால் கொசுவலையை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் ராத்திரி 5 டிகிரிக்கு இறங்கும். எவ்வளவு நல்ல ஸ்லீப்பிங் பேக் ஆனாலும் முதுகுக்கு அடியில் நசுங்கிவிடும். நசுங்கினால் காற்று தங்காது, காற்று தங்காவிட்டால் சூடும் தங்காது. கீழே வேறு குளிர்காற்று வீசிக்கொண்டே இருக்கும். 20 டிகிரியிலேயே முதுகு சில்லிடத் தொடங்கும். இதற்கென்றே அடியில் கட்டும் மெத்தை விற்கிறார்கள், விலை நூறு டாலருக்கு மேல் போகும். அதற்குப் பதில் வால்மார்ட்டிலோ கனடியன் டயர் என்ற கடையிலோ கிடைக்கும் நீல நிற ஃபோம் பாய் இரண்டு வாங்கி ஹேமக்குக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக விரிக்கலாம். பாய் 50 செ.மீ. அகலம்தான், தோள் வெளியே வந்துவிடும். இன்னொரு துண்டைக் குறுக்காகப் போட்டால் தோளும் மூடும். ஸ்லீப்பிங் பேக்கைப் பழசாக வாங்கலாம். உறையில் இரண்டு வெப்பநிலை எழுதியிருந்தால் கூடுதலாக இருக்கும் எண்ணைத்தான் நம்ப வேண்டும். சிக்கனம் செய்வதானால் ஹேமக்கில் செய்யட்டும், பாயில் வேண்டாம்.

மழைக்கு 3 மீட்டர் சதுரத் தார்ப்பாய். நேராகப் போட்டால் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் பத்து சென்டிமீட்டர்தான் மிஞ்சும், சாரல் அடிக்கும். மூலைக்கு மூலை குறுக்காகப் போட்டால் 4.2 மீட்டர் கிடைக்கும், தரையில் இரண்டு ஆணி போதும். ஆனால் பக்கவாட்டில் மறைப்பு குறையும், அதனால் காற்று வரும் திசைக்கு ஒரு சரிவைத் தாழ்த்தி அடிக்க வேண்டும். தார்ப்பாய் காய்ந்திருந்தும் துணி நனைகிறது என்றால், மரத்தில் வழியும் நீர் நாடா வழியாக உள்ளே வருகிறது என்று அர்த்தம். தார்ப்பாய்க்கு உள்பக்கமாக, நாடாவில் ஒரு பழைய ஷூ லேஸைத் தொங்கவிட்டால் நீர் அதில் சொட்டிவிடும்.

முதல் தடவை கார் நிற்கும் முகாமே போதும். கழிப்பறை பக்கத்தில் இருக்கும், குளிர் தாங்காவிட்டால் காருக்குள் போய்ப் படுத்துக்கொள்ளலாம். கரடி நடமாடும் காடு அக்கா. சாப்பாடு, பற்பசை, சோப்பு எதுவும் படுக்கையில் இருக்கக் கூடாது, எல்லாம் பூட்டிய காருக்குள். நீ கொடுத்துவிடும் முறுக்கும் அப்படித்தான்.

நாடா, கயிறு, பாய், தார்ப்பாய் எல்லாம் சேர்ந்து சுமார் 120 டாலருக்குள் அடங்கும்.

துணி கிடைத்ததும் வெட்டுவதற்கு முன்னால் ஊதிப் பார்த்துவிட்டு ஒரு வரி அனுப்பு.

அன்புடன்,
உன் தம்பி