பி.பி. கொய்ராலா கட்டுரைக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்பு நண்பர்களே,

நேபாள மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்த முதல் பிரதமர் பி.பி. கொய்ராலாவைப் பற்றிய என் நீண்ட கட்டுரை ஒருவழியாக முடிந்துவிட்டது. யார் யார் கைகொடுத்து அது முடிந்தது என்பதை எல்லோரும் அறியச் சொல்லியாக வேண்டும்.

முதல் நன்றி, எங்கள் தெரு ஓட்டலில் வேலை பார்க்கும் நேபாளத்து விராட்நகர்த் தம்பிக்கு. கடை அடைத்த பிறகு, அவ்வளவு அசதியிலும் உட்கார்ந்து பி.பி.யின் தன்வரலாற்றை நேபாளியில் வாசித்து, இந்தியும் தமிழும் கலந்து பொருள் சொன்னார். பி.பி.யின் அப்பா, மக்களின் வறுமையை உணர்த்த ஓர் ஏழையின் கந்தல் துணியைப் பொட்டலம் கட்டி, அன்று நேபாளத்தைப் பரம்பரையாக ஆண்ட ராணா குடும்பத்துப் பிரதமர் சந்திர ஷம்ஷேருக்கு அனுப்பியவர். அந்தப் பகுதி வந்ததும் தம்பி புத்தகத்தை மூடிவிட்டார். அன்றைக்கு அதற்கு மேல் வாசிக்க அவரால் முடியவில்லை. அந்தப் பொட்டலம் கிளப்பிய கோபத்தால்தான் குடும்பமே நாட்டை விட்டு ஓடியது, பிள்ளை காசியில் வளர்ந்தார்.

1959 தேர்தலில் பி.பி.யின் கட்சியான நேபாளி காங்கிரஸ் 109 இடங்களில் 74-ஐ வென்றது. 1960 டிசம்பர் 15 அன்று மன்னர் மகேந்திரா ஆட்சியைக் கலைத்தார். அப்புறம் பி.பி.க்கு எட்டு ஆண்டு சுந்தரிஜல் சிறை. இவற்றையெல்லாம் சரிபார்க்கப் பழைய நாளிதழ்க் கட்டுகளைத் தூசி தட்டி எடுத்துத் தந்த நூலகர் அம்மாவுக்கும் நன்றி.

ஓய்வுபெற்ற பேராசிரியர் ஐயா இரண்டு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தார். நாடு கடந்து இந்தியாவில் இருந்த காலத்தில் பி.பி. ஆயுதப் போராட்டத்தில் இறங்கியதையும், அந்தப் போராட்டத்துக்குப் பணம் திரட்ட அவர் கட்சியினர் 1973-ல் நடத்திய விமானக் கடத்தலையும் மழுப்பாமல் எழுதச் சொன்னார். நாடு திரும்பியதை விரிவாக எழுதச் சொன்னார். இரண்டும் சரியே. தூக்குத் தண்டனை வரைக்கும் போகக்கூடிய வழக்குகள் காத்திருப்பது தெரிந்தே 1976 டிசம்பர் 30 அன்று பி.பி. காத்மாண்டுக்கு விமானம் ஏறினார். இறங்கியதும் கைது. அவர் வாழ்க்கையில் இதைவிடப் பெரிய நாள் வேறில்லை என்பேன்.

தொண்டைப் புற்றுநோய் பற்றிப் பொறுமையாக விளக்கிய டாக்டருக்கு எப்படி நன்றி சொல்வது? கடைசிக் காலத்தில் குரல் கம்மிப்போயிருந்த பி.பி., வழக்கறிஞர் கணேஷ் ராஜ் சர்மா பதிவுசெய்யப் பேசிப் பேசித்தான் அந்தத் தன்வரலாறே உருவானது. அப்படிப் பேசுவதில் எத்தனை வலி இருந்திருக்கும் என்பது டாக்டர் சொன்ன பிறகே எனக்கு உறைத்தது. 1982 ஜூலை 21 அன்று அவர் காலமானார். 1990-ல் பல கட்சி ஆட்சி திரும்பியதைப் பார்க்க அவர் இல்லை.

அச்சானதும் ஆளுக்கொரு படியை நானே நேரில் கொண்டுவந்து தருகிறேன்.

நெஞ்சார்ந்த நன்றியுடன்,
உங்கள் நண்பன்