மூடி வைத்த ரொட்டி

அன்புள்ள தங்கச்சிக்கு,

வகுப்பில் ஒரு பெண்ணின் கிழிந்த ஷூவைப் பாப்பா எல்லார் முன்னாலும் கிண்டல் செய்துவிட்டாள் என்று நீ போனில் அழுதாயே, அதிலிருந்து எனக்கும் அதே நினைப்புதான். "எத்தனை நீதிக்கதை சொல்லியிருக்கிறேன், எங்கே தப்பு விட்டேன்?" என்று கேட்டாய். அப்போது பதில் வரவில்லை. பக்கத்து வீட்டில் பார்த்ததை எழுதுகிறேன்.

லண்டனில் நாங்கள் இருக்கும் ஹெண்டன் பகுதியில் யூதக் குடும்பங்கள் நிறைய. ஒரு வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்குப் பக்கத்து வீட்டில் கூப்பிட்டார்கள். மேசையில் சடை பின்னியது போல முறுக்கிச் சுட்ட இரண்டு ரொட்டிகள். ஹலா என்கிறார்கள். மேலே பூவேலை செய்த துணி. ஈ மொய்க்காமலிருக்க மூடியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். அந்த வீட்டின் ஆறு வயதுக் கடைக்குட்டி என்னைத் திருத்தினாள்: "இல்லை, ரொட்டிக்கு வெட்கமாக இருக்கும்."

மற்ற நாளில் ரொட்டிக்குத்தான் முதல் ஆசீர்வாதம். வெள்ளி மாலை தொடங்கும் அவர்களுடைய வாராந்தர ஓய்வு நாளான ஷபாத் இரவில் திராட்சை ரசம் முந்திக்கொள்கிறது. தன்னை விட்டுவிட்டு அதற்குச் சொல்வதை ரொட்டி பார்க்கக் கூடாதாம். துணியைப் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. ஓரம் கொஞ்சம் விலகியிருந்தது, எழுந்து போய் இழுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

பலர் முன்னால் ஒருவர் முகத்தை வெளுக்க வைப்பது ரத்தம் சிந்துவதற்குச் சமம் என்கிறது அவர்களுடைய பழைய மறைநூலான தல்மூத். சிவப்பு போய் வெள்ளை வருவதைத்தான் பார்க்கிறோமே என்று அதில் ஒரு ரப்பி, அதாவது அவர்களுடைய மதகுரு, சொல்கிறார். நாமும் 'முகம் வெளுத்துப்போச்சு' என்றுதானே சொல்கிறோம்!

அப்புறம் அந்த உண்டியல். சமையலறை ஜன்னலோரம் ஒரு தகரப் பெட்டி. ஷபாத் தொடங்கிவிட்டால் காசைத் தொடக் கூடாது. அதனால் மெழுகுவத்தி ஏற்றுவதற்கு முன்பே பிள்ளைகள் ஓடி வந்து ஆளுக்கொரு நாணயம் போடுகிறார்கள். இதற்குச் செதாக்கா என்று பெயர். நாம் தருமம் என்போம், ஆனால் அந்தச் சொல்லின் வேரில் இருப்பது நீதி. கொடுப்பவர் பெரிய மனசுக்காரர் என்ற பேச்சுக்கே இடமில்லை, கொடுக்க வேண்டியதைக் கொடுக்கிறார், அவ்வளவுதான். பிறர் உதவியில் வாழ்பவரும் அதிலிருந்து கொஞ்சம் கொடுக்க வேண்டும். 12ஆம் நூற்றாண்டில் மைமோனிடிஸ் என்ற யூத அறிஞர் இதை 8 படிகளாக அடுக்கினார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கொடுப்பது கடைசிப் படி. வேலையோ கடனோ கொடுத்து ஒருவரைச் சொந்தக் காலில் நிற்க வைப்பது முதல் படி. அதற்கு அடுத்தது, கொடுப்பவரும் வாங்குபவரும் ஒருவரையொருவர் அறியாமல் கொடுப்பது.

பெட்டிக் காசு யாருக்குப் போகிறது என்று அந்த அம்மா பிள்ளைகளிடம் சொல்வதில்லை. ஏன் என்று கேட்டேன். "வாங்குகிற வீட்டுப் பிள்ளை இவர்கள் வகுப்பிலேயே இருக்கலாமே" என்றார். எனக்குச் சட்டென்று நம் பாப்பாவும் அந்த ஷூவும்தான் கண்முன் வந்தன.

சரி, இப்போது என்ன செய்யலாம்? அவர்களுடைய பெரிய நோன்பு நாள் யோம் கிப்பூர். கடவுளுக்குச் செய்த பிழையை அந்த நாள் தீர்க்கும், மனிதருக்குச் செய்ததை அவரிடமே போய்ச் சமாதானம் செய்துகொள்ளாமல் தீர்க்காது என்கிறது அவர்களுடைய பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா. அதனால் பாப்பாவுக்காக நீ டீச்சரிடம் மன்னிப்புக் கேட்டது போதாது. அவளையே அந்தப் பெண்ணிடம் கூட்டிப்போ. வகுப்பில் வேண்டாம், திரும்பவும் எல்லாரும் அந்தப் பிள்ளையின் காலைத்தான் பார்ப்பார்கள். சாயங்காலம் கேட் பக்கம் கூட்டம் கலைந்த பிறகு போங்கள்.

புது ஷூ வாங்கித் தர நினைத்தால் பணத்தை டீச்சரிடம் கொடுத்துவிடு. யார் கொடுத்தது என்று பாப்பாவுக்கும் தெரிய வேண்டாம்.

அன்புடன்,
அக்கா