“நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?”

தமிழ்நாடு அரசின் சமூக நலன் மற்றும் மகளிர் உரிமைத் துறைக்கு,

வணக்கம். போன ஆவணியில் ஒரு தனியார் மருத்துவமனையில், என்னோடு ஒரே வீட்டில் வாழும் அவளுக்குக் கர்ப்பப்பைக் கட்டியை எடுக்க நாள் குறித்திருந்தார்கள். ரத்தப் பரிசோதனையிலிருந்து பணம் கட்டியது வரை எல்லாவற்றுக்கும் நான்தான் ஓடினேன். கடைசியில் ஒப்புதல் படிவத்தோடு வந்த செவிலியர் கேட்டார்: “நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?” அக்கா என்றேன். ஆதாரைக் கேட்டார். அப்பா பெயர் வேறு, ஊர் வேறு. சொந்தக்காரங்க யாராவது வரட்டும் என்று சொல்லிவிட்டார்கள். மூன்று வருடமாக எங்களோடு பேசாத அவளுடைய அண்ணன் திருப்பூரிலிருந்து இரவுப் பேருந்தில் வந்தார். கையெழுத்துப் போட்டார். என் முகத்தைப் பார்க்காமலே திரும்பிப் போனார். அந்த ஒரு நாள் முழுக்க அவள் வலியோடு கிடந்தாள்.

நான் அவளுக்கு என்ன வேணும் என்பதை இப்போது சொல்லிவிடுகிறேன்.

2002-இல் கோவில்பட்டியில் இருவரும் பிளஸ் டூ படித்தோம். எனக்குப் படம் வரையவே வராது. என்னுடைய தாவரவியல் ரெக்கார்டு நோட்டு முழுவதையும் அவள்தான் வரைந்தாள். செம்பருத்திப் பூவின் நீள்வெட்டுத் தோற்றத்தை வரைய மட்டும் இரண்டு சாயங்காலம் எடுத்துக்கொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்து பென்சில் சீவிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். எங்களுக்குள் இருந்ததற்கு என்ன பெயர் என்று எங்கள் இருவருக்குமே தெரியாது. பங்குனித் திருவிழாக் கூட்டத்தில் அவள் என் கையைப் பிடித்தபோது தெரிந்துவிட்டது. பெயர் தெரியாவிட்டாலும் தெரிந்துவிட்டது.

கடிதங்கள் அம்மா கண்ணில் பட்டன. அடுப்பில் போட்டாள். பரீட்சை முடிந்த மறுநாளே மதுரையில் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பினாள்.

2010-இல் எனக்குக் கல்யாணம் ஆனது. அதற்கு முந்தைய வருடம் வந்த சட்டப்படி 90 நாளுக்குள் முறையாகப் பதிவும் செய்தோம். அவர் கெட்டவர் இல்லை, இதை எங்கேயும் சொல்வேன். “நீ இந்த வீட்டுல இருக்க, ஆனா இருக்குற மாதிரியே இல்ல” என்று ஒருநாள் சொன்னார். உண்மைதான். எங்களைப் போன்றவர்களின் உறவு குற்றமில்லை என்று 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் 377-ஆம் பிரிவைப் பற்றித் தீர்ப்பு சொன்ன மறுநாள், அந்தச் செய்தியைச் சமையலறையில் நின்றபடி மூன்று முறை படித்தேன். அடுத்த வருடம் இருவரும் சம்மதித்து விவாகரத்து வாங்கினோம். மகள் என்னோடு இருக்கிறாள்.

2021-இல் அவளுடைய அம்மா இறந்துவிட்டதாகக் கேள்விப்பட்டுத் துட்டி கேட்கப் போனேன். 19 வருடம் கழித்துப் பார்க்கிறோம். அவள் எதுவும் பேசவில்லை. பாயில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். உட்கார்ந்தேன். அவ்வளவுதான் நடந்தது. இப்போது ஒரே வீட்டில் இருக்கிறோம். யாரும் சொல்லிக் கொடுக்காமலே என் மகள் அவளைச் சித்தி என்கிறாள்.

கல்யாணம் என்பது நாடாளுமன்றத்தின் பாடு என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சரி, அதை உங்களிடம் கேட்கவில்லை. ஆனால் அதற்கு அடுத்த மாதமே சென்னை உயர் நீதிமன்றத்தில், எங்களைப் போன்றவர்கள் குடும்பமாக இணைந்து வாழ ஒரு ஒப்பந்தப் பத்திரம் போட்டுப் பதிவு செய்யலாம் என்ற யோசனை வந்தது. அதில் நியாயம் இருக்கிறது என்று கருதி, அரசு அதற்கு வழி காண வேண்டும் என்றார் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ். 2021-இல் இந்த விஷயம் தனக்கு முழுதாகப் புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு தீர்ப்பு எழுதியவர் அவர். நீதிபதியே அப்படி உட்கார்ந்து கேட்டிருக்கிறார் என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

அப்புறம் 2025 மே 22 அன்று அதே உயர் நீதிமன்றத்தின் நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும், குடும்பமாக வாழக் கல்யாணம் ஒன்றுதான் வழி என்றில்லை என்றார்கள். வீட்டில் அடைத்து வைக்கப்பட்ட 25 வயதுப் பெண்ணை மீட்க அவளுடைய துணைவி போட்ட வழக்கு அது. மனுவில் அந்தப் பெண் தன்னை ‘நெருங்கிய தோழி’ என்றுதான் எழுதியிருந்தாராம். அந்தத் தயக்கம் புரிகிறது என்றார்கள் நீதிபதிகள். அதைப் படித்தபோது, நான் சொன்ன ‘அக்கா’ நினைவுக்கு வந்து அழுதேன்.

நீதிமன்றம் சொன்னது எல்லாம் இருக்கிறது. அந்தப் பத்திரத்துக்கென்று ஒரு படிவத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் நான் இன்னும் பார்க்கவில்லை. முறிந்துபோன கல்யாணத்துக்குப் பதிவுச் சான்றிதழ் ஒன்று, அதை முடித்து வைத்த தீர்ப்பு நகல் ஒன்று என்று என் பீரோவில் இரண்டு தாள்கள் பத்திரமாக இருக்கின்றன. அவளுக்கும் எனக்கும் இருப்பதைச் சொல்ல அந்த ரெக்கார்டு நோட்டைத் தவிர வேறு தாள் கிடையாது. அதை எந்த மருத்துவமனையில் காட்ட முடியும்?

அந்தப் படிவத்தைக் கொண்டுவாருங்கள். உடல்நிலை மோசமானால் யார் முடிவெடுப்பது, வீடும் சேமிப்பும் யாருக்கு, ஒருவர் போய்விட்டால் இறுதிக் காரியம் செய்வது யார் என்று நாங்களே உட்கார்ந்து எழுதி வைத்திருக்கிறோம். எவ்வளவு ரூபாய் முத்திரைத்தாள் என்று சொன்னால் போதும். சாட்சிக் கையெழுத்துக்குக்கூட ஆள் இருக்கிறது. என் அம்மா வருகிறேன் என்றிருக்கிறாள்.

இப்படிக்கு,
அவளோடு வாழ்பவள்