ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம்

கொழிஞ்சாம்பாறை,
வியாழன் இரவு.

அன்புள்ள அம்மிணிக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் சொன்னால் "சரிம்மா, பார்க்கலாம்" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினேனே, திரை முழுக்க 333 என்று வரிசையாக. "இன்ட் போடச் சொல்லும்மா" என்று ஒரு வரி அனுப்பிவிட்டு நீ மீட்டிங்குக்குப் போய்விட்டாய். இங்கே நடந்தது உனக்குத் தெரியாது.

மேற்கு வீட்டுப் பையன் இப்போது பதினொன்றாவது. ஹைஸ்கூலில் லிட்டில் கைட்ஸ் என்கிற கம்ப்யூட்டர் கிளப்பில் இருந்தான். அங்கே கட்டங்களை அடுக்கிப் புரோகிராம் செய்கிற ஸ்கிராட்ச் பழகியவன், இப்போது போனிலேயே பைத்தான் என்கிற கம்ப்யூட்டர் மொழியில் எழுதுகிறான். என் தையல் கணக்குக்கு ஒரு புரோகிராம் எழுதித் தருகிறேன் என்று மெஷின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். எத்தனை ஜாக்கெட் என்று கேட்கும். எண்ணைப் போட்டால் 150-ஆல் பெருக்கிக் கூலி சொல்லும். நான்கே வரிதான். மூன்று என்று போட்டான். 450 வரவேண்டிய இடத்தில் ஒரே மூன்றாக வந்து திரையை அடைத்துவிட்டது. போன் கெட்டுவிட்டதோ என்று அணைத்துப் போட்டான். மறுபடியும் அதேதான். இரண்டு மணி நேரம் அந்த நான்கு வரியையும் அழித்து அழித்து எழுதினான். தப்பு என்றுகூடப் போன் சொல்லவில்லை, அதுதான் அவனை ரொம்பக் குழப்பியது. "எனக்கு இதெல்லாம் வராது அத்தை" என்று எழுந்துவிட்டான். அப்போதுதான் உனக்குப் படம் அனுப்பினேன்.

உன் பதில் வந்ததும் ஓடிப்போய்க் கூட்டிவந்தேன். நாம் தட்டுகிற எண்ணைக்கூடப் பைத்தான் எழுத்தாகத்தான் எடுத்துக்கொள்ளுமாம். எழுத்தைப் பெருக்கச் சொன்னால் அதையே 150 தடவை எழுதி வைக்குமாம். இன்ட் போட்டால்தான் அது எண் ஆகும். அவனே யோசித்துக் கண்டுபிடித்து எனக்குச் சொன்னான். 450 வந்தபோது அவன் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். ஏழு போட்டான், 1050. பன்னிரண்டு போட்டான், 1800. என் நோட்டில் இருந்த தீபாவளிக் கணக்கு முழுவதையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனான்.

உன் ஒரு வரி இல்லாவிட்டால் அன்றோடு விட்டிருப்பான், கண்ணு. அதைத்தான் நினைத்து நினைத்துப் பார்க்கிறேன்.

நீ பன்னிரண்டாவது முடித்த வருஷம் டவுனில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்த்தோமே, என் வளையலை அடகு வைத்து. ஆறு மாதம் டைப் அடிக்கவும் படம் வரையவும் சொல்லிக்கொடுத்து ஒரு சான்றிதழ் தந்தார்கள். அதை யாரும் கேட்கவே இல்லை. அப்புறம் காலேஜில் தோழியின் லேப்டாப்பை இரவல் வாங்கி, காசில்லாமல் கிடைத்த பாடங்களை வைத்துத்தான் நீ கற்றுக்கொண்டாய்.

இன்றைக்கு அது இன்னும் நிறையக் கிடக்கிறது. ஐஐடிக்காரர்கள் நடத்தும் என்பிடெல் பாடங்களைப் பார்க்கக் காசில்லை, தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கத்தான் கட்டணம். புரோகிராம் சொல்லித்தருகிற ஃப்ரீகோடுகேம்ப் இணையதளம் 2014-இல் இருந்து நடக்கிறது, அதில் சான்றிதழும் இலவசம். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் சிஎஸ்50 என்கிற கம்ப்யூட்டர் பாடத்தையே வீட்டில் உட்கார்ந்து படிக்கலாம். மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியலில் தமிழ்க் குரலிலேயே பாடங்கள் இருக்கின்றன. நம் பிள்ளைகளுக்கு அதுதான் முதலில் வேண்டும் என்பேன். பள்ளிக்கூடத்தில் தமிழ், பஸ் போர்டில் மலையாளம் என்று நம் கேரள ஊரில் வளர்கிறவர்கள். பாடத்தை ஆங்கிலத்தில் திறந்தால் கணக்கு புரிகிற பிள்ளையும் பயந்துவிடுகிறது.

பாடம் இருக்கிறது. மாட்டிக்கொண்ட இடத்தில் கேட்க ஆள்தான் இல்லை. கம்பெனி வேலை எல்லோருக்கும் கிடைத்துவிடும் என்று நான் யாருக்கும் ஆசை காட்டவில்லை. ஆனால் "எனக்கு வராது" என்று எழுந்து போகிற பிள்ளையை உட்கார வைக்க முடியும்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு ஒரு மணி நேரம் வீடியோ காலில் வா. நீ பாடம் எடுக்க வேண்டாம், பாடத்தை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். கேட்டதற்குத் தமிழில் பதில் சொன்னால் போதும். விடையை எழுதிக் கொடுத்துவிடாதே, அவர்களே தட்டிப் பார்க்கட்டும். மேற்கு வீட்டுப் பையன், அவன் தங்கை, கடைக்காரர் மகள், மூன்று பேர்தான் இப்போதைக்கு. நம் திண்ணையில் உட்கார வைக்கிறேன். உன் பழைய லேப்டாப் அலமாரியில் சும்மா இருப்பதாகச் சொன்னாயே, பொங்கலுக்கு வரும்போது எடுத்து வா. சின்னத் திரையில் பார்த்துப் பார்த்து அவனுக்குக் கண்ணில் நீர் வருகிறது.

இன்று சாயங்காலமும் வந்திருந்தான். சாதா ஜாக்கெட்டுக்கு 150, லைனிங் வைத்தால் 250. அந்த வித்தியாசத்தைப் புரோகிராமுக்கு எப்படிச் சொல்வது என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம் கேட்கலாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா