ஏழு பறைகளையும் காய்ச்சித் தந்தவருக்கு

கோத்தகிரி, குன்னூர் வட்டாரத்து மக்களுக்கும், மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறி வந்தவர்களுக்கும் வணக்கம்.

சனிக்கிழமை இரவு நாடகம் நடந்தது. 14 பாட்டும் முழுதாகப் பாடப்பட்டன. ஒரு வரிகூட வெட்டப்படவில்லை.

மூன்று வாரமாக நடந்ததை எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தீர்கள். 11-ஆவது பாட்டில் இரண்டு பையன்கள் காதல் பாடுகிறார்கள் என்று டிவியில் ஓடிய அந்த 40 நொடித் துண்டு, அதை வைத்து நடந்த விவாதங்கள், அறிக்கைகள், கடைசியில் கிடைக்காமல் போன மண்டபம் எதையும் இங்கே திரும்பச் சொல்லப்போவதில்லை. இந்த மடல் கூட நின்றவர்களுக்கு.

முதல் வணக்கம், மண்டபத்துக்குப் பதிலாக நாடகம் போட்ட இலைக் கொட்டகைக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் அம்மாவுக்கு. பெயரைப் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து, இங்கே தேயிலைக் காட்டில் குடியேறிய குடும்பம் அவருடையது. அவர்கள் வழக்கில் பறைக்குத் தப்பு என்று பெயர்.

மலையில் பறை அடிப்பவர்களுக்கு இந்தக் கஷ்டம் தெரியும். தோல் ஈரத்தை உறிஞ்சும், உறிஞ்சினால் தொய்யும், தொய்ந்தால் கணீர் என்று வர வேண்டிய அடி பொத்தென்று விழும். சமவெளியில் ஒருமுறை காய்ச்சினால் நெடுநேரம் தாங்குவது இங்கே மஞ்சு (பனிமூட்டம்) இறங்கிவிட்டால் கால் மணி நேரம் தாங்குவதே பெரிது. அன்று மாலை 4 மணிக்கே மஞ்சு இறங்கிவிட்டது. கொட்டகைக்கு இரண்டு பக்கம்தான் சுவர். கீழிருந்து கொண்டுவந்த வைக்கோல் ஈரமாகிப் புகைந்தது. செய்தித்தாளைக் கொளுத்தினால் சுடர் குப்பென்று எழுந்து அடங்கிவிடும். சுடர் பட்ட இடம் மட்டும் கருகும், மற்ற இடம் தொய்வாகவே இருக்கும். 9 பாட்டுக்குப் பறை வேண்டும், சர்ச்சைக்குள்ளான பாட்டுக்குப் பறையைத் தவிர வேறு வாத்தியமே கிடையாது என்ற நிலையில், மணி ஐந்தரை.

அந்த அம்மா சாலையைத் தாண்டி வந்து கேட்டது ஒரே கேள்வி: “எத்தனை தப்பு இருக்கு?”

ஏழு என்றோம். கடையின் பின்பக்கம் போய், இரண்டு கட்டுக் கவாத்துக் குச்சி எடுத்து வந்தார். கட்டு பத்துப் பத்து கிலோ இருக்கும். தேயிலைச் செடியை நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை கவாத்து செய்யும்போது, அதாவது கிளைகளை வெட்டிவிடும்போது, விழும் கட்டை அது. இறுகிய மரம். நன்றாகக் காய்ந்திருந்தால் புகை குறைவு, கனல் நின்று காயும். மழைக்காலத்து அடுப்புக்கென்று பரணில் சேர்த்து வைத்திருந்த விறகு. பாதியாக வெட்டிய தார் டிரம்மில் அதை எரித்து, சுடர் முழுதும் அடங்கும்வரை ஒரு பறையையும் கிட்டே விடவில்லை.

அவர் செய்த முறையை அப்படியே எழுதி வைக்கிறோம், மலையில் பறை அடிக்கும் எல்லாருக்கும் பயன்படும். கனலுக்கும் பறைக்கும் இடையே ஒரு முழம் இடைவெளி. முதலில் உட்பக்கம், பிறகு முகம். ஒரே இடத்தில் பிடிக்காமல் வண்டிச் சக்கரம்போல மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சட்டத்தின் ஓரம்தான் ஆபத்து: அங்கே தோலைப் பிடித்திருப்பது புளியங்கொட்டைப் பசை. ஓரம் அவசரமாகச் சூடேறினால் பசை பொரிந்து தோல் கழன்றுவிடும். நடுவில் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்க வேண்டும், குழி விழுந்தால் இன்னும் காயவில்லை. விரல் முட்டியால் நான்கு பக்கமும் தட்டினால் நான்கும் ஒரே குரலில் பேச வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கீச்சென்றால் அங்கே சூடு அதிகம், உடனே எடுத்துவிட வேண்டும். மேலும் காய்ச்சினால் அடிக்குச்சி படும் இடத்தில் கிழியும். காய்ந்த பறையை அப்படியே கொண்டுபோகக் கூடாது. கம்பளியில் சுற்றித்தான் சாலையைக் கடக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த 30 அடி தூரத்திலேயே மஞ்சு பாதியைத் தின்றுவிடும்.

மேடையில் ஐந்து, கனலில் இரண்டு என்று மாற்றி மாற்றி ஓடியது. எந்தப் பாட்டுக்கு எத்தனை பறை என்ற பட்டியலைக் கேட்டு வாங்கி, பக்கத்து வீட்டுப் பெண்ணை வாசிக்கச் சொல்லி, கடைச் சுவரில் கரியால் கோடு போட்டுக்கொண்டார். 11-ஆவது பாட்டு வந்ததும் அந்தப் பெண், “இதுதான் அந்த ரெண்டு பசங்க பாட்டு, டிவியில வந்தது” என்றாள். அந்த அம்மா கோட்டைக் கொஞ்சம் அழுத்திப் போட்டார். “அப்ப அதுக்கு நல்லாக் காய்ச்சிக் குடுக்கணும்.” அவ்வளவுதான் சொன்னார்.

நாடகம் 1 மணி 50 நிமிடம். அவ்வளவு நேரமும் அவர் கனல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஒரு காட்சியைக்கூடப் பார்க்கவில்லை. 11-ஆவது பாட்டுக்கு வந்த இரண்டு பறைகளும் அன்று இரவின் மிக நல்ல பறைகள். பார்த்தவர்கள் கேட்டிருப்பீர்கள்.

மற்றவர்களைச் சேர்த்தே சொல்லிவிடுகிறோம். பச்சை இலை எடை போடும் கொட்டகையை மூன்று நாள் காலி செய்து தந்த சிறு விவசாயிக்கு நன்றி. தகரக் கூரையில் மழை விழுந்தால் குரல் எடுபடாது என்று சொன்னதுமே, கூரைக்கு ஒரு சாண் கீழே சணல் சாக்குகளை வரிசையாகக் கட்டிக்கொடுத்த தோட்டத் தொழிலாளர்களுக்கு நன்றி. கிட்டத்தட்ட 1,800 மீட்டர் உயரத்தில் காற்று மெலிவு என்பதால் டர்போ இல்லாத டீசல் ஜெனரேட்டர் ஐந்தில் ஒரு பங்கு வரை வலுவிழக்கும், 25 கேவிஏ என்று எழுதியிருப்பதை நம்பி விளக்குகளை ஏற்றாதே என்று தடுத்து, ஒலிக்கும் ஒளிக்கும் தனித்தனி இணைப்பு பிரித்துத் தந்த ஒயர்மேனுக்கு நன்றி. அவர் பிரிக்காமல் விட்டிருந்தால் விளக்கைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரின் இரைச்சல் மைக் முழுதும் கேட்டிருக்கும்.

நாடகப் பிரதியை முன்கூட்டியே காட்டி அனுமதி வாங்கினீர்களா என்று கேட்டவர்களுக்கு, எழுத்தாளரும் நாடகக்காரருமான ஞாநி தொடுத்த வழக்கில் 1954-ஆம் ஆண்டு நாடகச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2013-லேயே செல்லாதென்று சொல்லிவிட்டதை இரண்டே பக்கத்தில் எழுதிக்கொடுத்த வழக்கறிஞருக்கு நன்றி. போராட்டம் வரும் என்ற மிரட்டலுக்காகக் கருத்துரிமையை அடக்கக் கூடாது என்ற 1989-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பையும் அவர் சேர்த்திருந்தார். அதைப் படித்துப் பார்த்துவிட்டு, ஒலிபெருக்கி இரவு 10 மணிக்கு நிற்க வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு வாசலில் காவல் நின்ற காவலர்களுக்கும் நன்றி. 9.40-க்கு முடித்துவிட்டோம்.

செய்தியில் வசைச்சொல் போடாமல், பால்புதுமையினரை மதிப்போடு குறிப்பிட 2022-இல் தமிழக அரசிதழில் வந்த சொற்பட்டியலைப் பார்த்து எழுதிய அந்த ஒரு நிருபரைத் தனியாகச் சொல்ல வேண்டும். நடிக்கிற பிள்ளைகளின் வீட்டில் பெற்றவர்கள் படித்த செய்தி அவருடையதுதான்.

2018-இல் புடாபெஸ்டில், அரசுக்கு நெருக்கமான ஒரு நாளிதழ் ‘பில்லி எலியட்’ என்ற இசை நாடகம் பிள்ளைகளைக் கெடுக்கும் என்று எழுதிய பின், ஹங்கேரி அரசு ஓபரா அதன் 15 காட்சிகளை ரத்து செய்தது. நுழைவுச்சீட்டு விற்பனை சரிந்தது என்பது சொல்லப்பட்ட காரணம். அவ்வளவு பெரிய அரங்கத்துக்கே அந்த நிலை என்றால் இலைக் கொட்டகைக்கு என்ன பலம் என்று கவலைப்பட்டவர்கள் உண்டு. நம் இசை நாடக மரபை எண்ணிப் பார்க்கிறோம். பாய்ஸ் கம்பெனிக் காலத்தில் நாயகன் வேடமான ராஜபார்ட்டும் ஆண், பெண் வேடமான ஸ்திரீபார்ட்டும் ஆண். விடிய விடியக் காதல் பாடினார்கள், ஊரே உட்கார்ந்து கேட்டது. அந்த மேடையில் நின்றுதான் இந்த 11-ஆவது பாட்டும் பாடப்படுகிறது. எந்த மண்டபத்துக்காகவும் அதை எடுக்கப்போவதில்லை. இனி மலையில் எங்கே போட்டாலும் சாமான் பட்டியலின் முதல் வரி: காய்ந்த கவாத்துக் குச்சி, 20 கிலோ. அந்த அம்மாவின் பரணுக்கு இந்த வாரமே இரண்டு கட்டு போய்ச் சேரும், மழைக்காலம் இன்னும் முடியவில்லை.

இரவல் வாங்கிய சாமான்களில் 62 சாக்கு, நான்கு ஜமுக்காளம், மூன்று கம்பளி, ஒரு பித்தளை அண்டா கொட்டகையில் இருக்கின்றன. ஞாயிறு காலை 9 மணியிலிருந்து மதியம்வரை ஆள் இருப்பார்கள், வந்து எடுத்துக்கொள்ளலாம். சிவப்புக் கரை போட்ட கம்பளியில் ஓரத்தில் தீப்பொறி பட்டு ஓட்டை விழுந்துவிட்டது. அது யாருடையது என்று தெரியவில்லை. புதிய கம்பளி ஒன்று வாங்கி வைத்திருக்கிறோம், உரியவர் தயவுசெய்து வந்து வாங்கிக்கொள்ள வேண்டும்.

நன்றியுடன்,
நாடகக் குழுவினர்,
கோத்தகிரி